நான் போடாத கையெழுத்து

எல்லைப் பாலத்தில் பேருந்து இரண்டு மணி நேரம் நின்றது. கீழே நயாகரா ஆறு ஓடுவதாகச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பஞ்சு போல அடைத்துக்கொண்டிருந்த மூடுபனிதான். நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமை. முன் இருக்கையில் இருந்த அமெரிக்க மூதாட்டி, டொரொண்டோவில் இருக்கும் மகளைப் பார்க்க எட்டு வருடமாக இதே பேருந்தில் போவதாகவும், முன்பெல்லாம் மகள்தான் வருவாள் என்றும் சொன்னார். இப்போது ஏன் வருவதில்லை என்று நான் கேட்கவில்லை. அவராகவே, "வர மாட்டேன் என்கிறாள், நானும் வற்புறுத்துவதில்லை" என்று சொல்லிவிட்டுப் பனியைப் பார்க்கத் திரும்பிவிட்டார்.

கனடாவின் பக்கத்தில் இருந்த அதிகாரி இளைஞர், மரியாதையானவர். எதற்காக வருகிறீர்கள் என்றார். நண்பரைப் பார்க்க என்றேன். அட்டைப் பெட்டியில் என்ன என்றார். ஒரு குளிர்கோட்டு, படிக்கும் கண்ணாடி, மடக்கும் சதுரங்கப் பலகை, அம்மாவின் புகைப்படம் ஒன்று, ஒரு பழுப்பு உறை. உங்களுடையதா? இல்லை, அந்த நண்பருடையது. அவர் ஏன் வந்து எடுத்துக்கொள்ளவில்லை? அவரால் இனி அங்கே வர முடியாது என்றேன். அதிகாரி என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு என் புத்தம் புதிய நீலப் பாஸ்போர்ட்டில் முதல் முத்திரையைக் குத்திக் கொடுத்தார். ஆகஸ்டில்தான் நான் அமெரிக்கக் குடிமகள் ஆகியிருந்தேன்.

அந்த நண்பரின் பெயர் குகன். ஒஹாயோவில் எங்கள் சின்ன ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் மூன்றே பேர். நான், என் கணவர், குகன். நானும் கணவரும் தென்காசிப் பக்கம், அவர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை. ஊர் முனையில் இருந்த பெட்ரோல் நிலையத்துக் கடையைப் பதினான்கு வருடம் விடியற்காலையில் திறந்தவர் அவர்தான். பாதி ஊர் அவர் போட்ட காபியைக் குடித்துவிட்டுத்தான் வேலைக்குப் போனது. அடைக்கலம் கேட்டுப் போட்ட வழக்கு முடியாமலே இழுத்துக்கொண்டிருந்தது. வருடம் ஒருமுறை குடியேற்ற அலுவலகத்துக்குப் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார். போன வசந்தத்தில் அப்படிப் போனவரை அங்கேயே பிடித்து உள்ளே வைத்துவிட்டார்கள். மூன்று வாரம். பிறகு ஒரு காரணமும் சொல்லாமல் வெளியே விட்டார்கள். பிடித்ததற்கும் காரணம் இல்லை, விட்டதற்கும் இல்லை. அடுத்து எப்போது வர வேண்டும் என்ற தேதி மட்டும் இருந்தது.

அந்தத் தேதி வருவதற்கு முன்பே அவர் பாலத்தைக் கடந்துவிட்டார். அக்கா கனடாவில் குடிமகளாக இருந்ததால், எல்லையிலேயே விண்ணப்பம் கொடுக்க அவருக்கு ஒரு வழி இருந்தது. இரண்டு பைகளுக்கு மேல் எடுத்துப் போகவில்லை. மீதியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. அதோடு, அவரிடம் நான் சொல்ல வேண்டிய ஒன்றும் இருந்தது. இந்தப் பயணம் முழுக்க எனக்குத் தூக்கத்தில் நடப்பது போலவே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

டொரொண்டோவில் இறங்கியதும் வழக்கம்போல நான் தவறான பேருந்தில் ஏறினேன். சுரங்க ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக விட்ட பேருந்துகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் ஒரே மாதிரி எழுதியிருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் போனேன். மாலை நான்கரைக்கே விளக்குகள் எரிந்தன. ஈரச் சாலையில் சிவப்பும் பச்சையும் கரைந்து ஓடின. ஒரு திருப்பத்தில் கடைப் பலகை ஒன்றில் தமிழைப் பார்த்தேன். "ரொறொன்ரோவின் தரமான கொத்துரொட்டி." இருபது வருடமாக நான் டொரொண்டோ என்று எழுதிவந்த ஊருக்கு இப்படியொரு பெயரும் உண்டு என்று அப்போதுதான் தெரிந்தது. இரண்டு பெயர்களையும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் வேறு வேறு ஊர்கள் போல இருந்தன. நான் வந்து சேர்ந்தது ரொறொன்ரோவுக்கு.

பக்கத்தில் இருந்த பெரியவர் என் வாய் அசைவதைப் பார்த்திருக்க வேண்டும். "பிள்ளை எங்க போகோணும்?" என்றார். டோர்செட் பார்க் என்றேன். அது எப்போதோ தாண்டிவிட்டது என்று சொல்லி, தானும் கூடவே இறங்கி, எதிர்ப்பக்கத்துப் பேருந்தில் என்னை ஏற்றிவிட்டு, ஓட்டுநரிடம் எங்கே இறக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

குகனின் அக்கா வதனி, பதினோராம் மாடியில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. ரெண்டு லிஃப்டில ஒண்டு வேலை செய்யாது. மற்றது வேலை செய்யிற மாதிரி நடிக்கும்" என்றார். குகன் உள்ளேயிருந்து வந்தார். மெலிந்திருந்தார். தாடி விட்டிருந்தார், அதில் வெள்ளை தெரிந்தது. பெட்டியைத் தானே வாங்கிக் கீழே வைத்துவிட்டு, முதல் கேள்வியாக, "அங்க ஸ்னோ கொட்டத் தொடங்கீற்றுதே அக்கா?" என்றார். இன்னும் இல்லை என்றேன். அது நல்லது என்றார். ஒவ்வொரு குளிர்காலத்திலும் என் காரைப் பனியிலிருந்து தோண்டி எடுத்துத் தந்தவர் அவர்.

மறுநாள் சனிக்கிழமை. வதனி என்னை றிச்மண்ட் ஹில் கோயிலுக்குக் கூட்டிப் போனார். அங்கெல்லாம் கார் இல்லாமல் நடக்காது. வெளியே உறைய வைக்கும் காற்று. உள்ளே கற்பூர மணம், ஈரக் காலுறைகள், சுருதி சேராத நாதஸ்வரம். நான் கண்ணை மூடியபோது எந்த நாட்டில் நிற்கிறேன் என்பது சில நொடிகள் நிஜமாகவே மறந்துபோனது.

திரும்பும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் சாப்பிட்டோம். எங்கள் பக்கத்தில் இடியாப்பம் என்றால் தேங்காய்ப்பாலும் சீனியும். இங்கே சம்பல் கண்ணில் நீர் வர வைத்தது. சுவரில் தொலைக்காட்சி, அதில் அமெரிக்கச் செய்தி. கடையில் இருந்த எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த வீட்டில் சண்டை நடந்தால் அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுப்பார்களே, அப்படி. இரண்டு பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். ஒருவர், முன்பு கோடையில் நியூஜெர்சிக்கு மச்சான் வீட்டுக்கு வேன் நிறையப் போவோம், இனி யார் போவது என்றார். மற்றவர், அங்கே கேள்வி கேட்பவருக்கு மரியாதை இருந்த காலம் ஒன்று இருந்தது, அதைப் பார்த்துத்தான் நாங்கள் எங்கள் நாட்டை ஏசினோம் என்றார்.

நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். அவர்களிடம் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது. நான் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு ஊரின் மனநிலை மருந்துக்கடை வரிசையில் தெரியும். முன்பு வரிசையில் நிற்பவர்கள் பேசிக்கொள்வார்கள். இப்போது முன்னால் நிற்பவர் எந்தப் பக்கம் என்று தெரியாததால் வெயில் மழையைப் பற்றிக்கூடப் பேச யோசிக்கிறார்கள். வெயிலுக்கும் ஒரு கட்சி உண்டாகிவிட்டது. அண்ணன் தம்பிகள் தனித்தனியாக வந்து ஒரே தாயின் மருந்தை வாங்கிப் போகிறார்கள். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். சொன்னால், அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

நடந்தது இதுதான். குகன் உள்ளே இருந்த மூன்று வாரத்தில் எங்கள் ஊரில் ஒரு கடிதம் எழுதினார்கள். எழுதியவர் மார்கரெட், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. எங்கள் தொகுதியின் மக்கள் பிரதிநிதிக்கு எழுதிய கடிதம். அதில் கெஞ்சல் இல்லை. இந்த மனிதரை ஏன் பிடித்தார்கள், யார் உத்தரவு, நீங்கள் எங்கள் சார்பில் கேட்டீர்களா என்று மூன்று கேள்விகள் மட்டும். ஊரே கையெழுத்துப் போட்டது. அந்தப் பிரதிநிதிக்கு ஓட்டுப் போட்டவர்களும் போட்டார்கள். பதில் வரவில்லை. உயர்நிலைப் பள்ளி அரங்கத்தில் கூட்டம் வைத்து அவரை அழைத்தார்கள். வரவில்லை. மேடையில் ஒரு நாற்காலி போட்டு அதில் அவர் பெயரை எழுதி ஒட்டி, ஒவ்வொருவராக ஒலிபெருக்கிக்கு முன் வந்து அந்த நாற்காலியிடம் கேள்வி கேட்டார்கள். ஒரு மணி நேரம் அப்படி நடந்ததாம்.

நடந்ததாம் என்றுதான் என்னால் சொல்ல முடியும். நான் உள்ளே போகவில்லை. பள்ளி வளாகத்தில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், வெளிச்சமான கதவு வழியாக மனிதர்கள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்கரெட் கடிதத்தை மருந்துக்கடைக்கே கொண்டுவந்து பேனாவையும் நீட்டியிருந்தார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன். என் குடியுரிமை விண்ணப்பம் அப்போது அதிகாரிகளின் மேசையில் இருந்தது. இந்த நேரத்தில் எதிலும் பெயர் வர வேண்டாம் என்றார் கணவர். நானும் அதையேதான் நினைத்திருந்தேன், அவர் சொன்னதால் வசதியாகப் போயிற்று. மார்கரெட் மறுபடி கேட்கவில்லை. ஆகஸ்டில் நான் வலது கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்தபோது, இனி இந்த நாட்டைக் குறை சொல்லும் உரிமையும் உங்களுக்கு உண்டு என்று நீதிபதி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பனி கட்டடத்தைச் சுற்றிக்கொண்டது. பதினோராம் மாடி ஜன்னலில் தரையும் இல்லை, வானமும் இல்லை. சமையலறை மேசையில் நாங்கள் நாலு பேர் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பது போலிருந்தது. நான், குகன், வதனி, பல்கலைக்கழகத்தில் படிக்கும் வதனியின் மகள் மிதுனா. குகன் விடியக்காலையில் ரோல்ஸ் செய்யும் கடையில் வேலை முடித்துவிட்டு வந்திருந்தார். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, மார்கரெட் கொடுத்தனுப்பிய பழுப்பு உறையைப் பிரித்தார்.

மேலே பதில் கடிதம் இருந்தது. ஆம், ஆறு மாதம் கழித்துப் பதில் வந்திருந்தது. எல்லைப் பாதுகாப்பில் நீங்கள் காட்டும் அக்கறைக்கு நன்றி, உங்கள் கருத்தை மனதில் கொள்கிறேன் என்று இருந்தது. குகனின் பெயர் அதில் எங்கும் இல்லை. கையெழுத்துப் போட்ட எல்லோர் வீட்டுக்கும் அதே கடிதம் போயிருந்தது. மிதுனா வாங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, உது ஃபார்ம் லெட்டர். எல்லாருக்கும் ஸேம் திங் அனுப்பியிருக்கினம். தே டிடின்ட் ஈவன் ரீட் இட்" என்றாள். குகன் அதை மடித்து ஓரமாக வைத்தார். அது அவரைத் தொட்டதாகவே தெரியவில்லை.

அவருக்கு வேண்டியிருந்தது அடியில் இருந்த பக்கங்கள். ஊர் போட்ட கையெழுத்துகளின் நகல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். படித்துவிட்டு அந்த மனிதர் என்ன குடிப்பார் என்று சொன்னார். சீனி இல்லாத கறுப்புக் காபி. பாதி பால். தேநீர் மட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை. டயர் கடைக்காரர் பில்லின் பெயர் முதல் பக்கத்திலேயே இருந்தது. வருடம் முழுவதும் தன் வீட்டுப் புல்வெளியில் அந்தப் பிரதிநிதியின் தேர்தல் பலகையை நட்டு வைத்திருப்பவர்.

"உந்த மனிசன் பதினாலு வருசத்தில என்னைப் பார்த்து ஒரு நாளும் சிரிச்சதில்லை" என்றார் குகன். நான்காம் பக்கத்துக்கு வந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வதனி எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பது போல நின்றார்.

இன்னும் இரண்டு பக்கங்கள் இருந்தன. அவர் முடிக்கும் வரை காத்திருந்தால் நான் சொல்லவே மாட்டேன் என்று தெரிந்தது.

"குகன், அதுல என் பேர் இருக்காது" என்றேன். "என்கிட்ட கொண்டுவந்தாங்க. நான் போடல. கூட்டத்துக்கும் போய் வாசலோட திரும்பிட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் இல்லை. ஆச்சரியமும் இல்லை. அந்த இரண்டாவதுதான் என்னைச் சுட்டது.

"நீங்கள் போட்டிருப்பியள் எண்டு நான் நினைக்கவே இல்லை அக்கா" என்றார், மிகவும் மென்மையாக. "நானெண்டாலும் போட்டிருக்க மாட்டன்."

பிறகு ஐந்தாம் பக்கத்தைத் திருப்பி, விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அவர் என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் அன்று பகல் முழுக்க அந்த வார்த்தைகள் என்னைச் சுற்றியே நின்றன. சிரிக்கவே சிரிக்காத பில்லிடம் எதிர்பார்க்கலாம். மார்கரெட்டிடம் எதிர்பார்க்கலாம். பதினான்கு பொங்கலுக்குத் தன் வீட்டில் அவருக்கு இலை போட்டவளிடம் எதிர்பார்க்க வேண்டியதில்லை என்று அவர் முன்பே முடிவு செய்திருக்கிறார். அதில் அவருக்கு வருத்தம்கூட இல்லை.

திங்கள்கிழமை இரண்டாவது லிஃப்டும் நடிப்பதை நிறுத்தியது. அன்று மாலை ஆறு மணிக்குக் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் குடியிருப்பவர்களின் கூட்டம், நகரசபை உறுப்பினர் வருகிறார் என்று ஏற்கெனவே அறிவித்திருந்தார்கள். வதனியோடு நானும் குகனும் படியிறங்கினோம். வழக்கு முடியும் வரை வாயைத் திறக்காதே என்று ஒவ்வொரு மாடியிலும் வதனி தம்பியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் ஓம், ஓம் என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்.

உறுப்பினர் இருபது நிமிடம் தாமதமாக, தனியாக, நனைந்த காலணியோடு வந்தார். நடுத்தர வயதுப் பெண், களைத்த முகம். மன்னிப்புக் கேட்டுவிட்டு எல்லோரையும் போல மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பிலிப்பினோப் பெண் கேட்டார். ஒரு ஜமைக்காப் பெரியவர் குரலை உயர்த்திக் கேட்டார். வெப்பம் வரவில்லை, குப்பை எடுப்பதில்லை, லிஃப்ட். உறுப்பினர் எழுதிக்கொண்டார். சிலவற்றுக்கு மழுப்பினார், கட்டட உரிமையாளர் மேல் பழியைப் போட்டார். பெரிய மகத்துவம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் இங்கே நாற்காலியில் ஆள் இருந்தார்.

அப்போது என் பக்கத்திலிருந்த குகன் எழுந்தார். வதனி அவர் சட்டையைப் பிடித்தது எனக்குத் தெரிந்தது. ஒஹாயோ வாடை வீசும் ஆங்கிலத்தில், நிதானமாக, ஒன்பதாம் மாடியில் ஒரு பெண்மணி வாரம் மூன்று நாள் சிறுநீரகச் சிகிச்சைக்குப் போகிறார், இன்று காலை அவரை நானும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியோடு தூக்கி இறக்கினோம், புதன்கிழமை மறுபடி இறக்க வேண்டும், எந்த நாளுக்குள் சரியாகும், ஆகாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று கேட்டார். உறுப்பினர் பரிசோதகரை அனுப்புவதாகச் சொன்னார். குகன் உட்காரவில்லை. எந்த நாள் என்று மறுபடி கேட்டார். வியாழன் என்றார் அவர். அன்று நானே வந்து பார்க்கிறேன் என்று சொல்லி, தன் கைபேசி எண்ணையும் கொடுத்தார். குகன் அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தார்.

படியேறும்போது ஏழாம் மாடியில் மூச்சு வாங்க நின்றோம். "கை நடுங்கினது தெரிஞ்சதே அக்கா?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். உண்மையில் தெரிந்தது. நேற்று அப்படிச் சொன்னீர்களே, இன்று எப்படி எழுந்தீர்கள் என்று கேட்டேன்.

"காலமை தூக்கேக்க அந்த மனிசி அழுதவ. சத்தம் வராமல் அழுதவ. அதுதான்."

வதனி நாலு படி மேலே நின்று, தம்பியைத் திட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை நான் கிளம்பியபோது லிஃப்ட் ஓடவில்லை. பதினோரு மாடியும் குகன் கூடவே இறங்கி வந்தார். கட்லட்டும் ரோல்ஸும் தாளில் சுற்றிக் கொடுத்தார். பில்லிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டு, நன்றி சொன்னால் அந்த மனிதருக்குக் கோபம் வரும், சும்மா விடுங்கள் என்றார். பேருந்து ஏரியோரமாகப் போனபோது வெயில் வந்தது. நீர் எது, பனி எது என்று பிரிக்க முடியாத வெள்ளையில் ஒரே ஒரு படகு நின்றது. ரோல்ஸைப் பாதி கடித்தபடி நான் தூங்கிப்போனேன்.

புதன்கிழமை காலை நான் வேலைக்குப் போகவில்லை. எங்கள் பிரதிநிதியின் அலுவலகம் பக்கத்துப் பெரிய ஊரில், நகம் அழகு செய்யும் கடைக்கும் பீட்சாக் கடைக்கும் நடுவில் இருக்கிறது. அதுவரை அதை ஒரு முறைகூடக் கவனித்ததில்லை. உள்ளே ஒரு கொடி, ஒரு தண்ணீர்க் குடுவை, ஓர் இளம்பெண். அவர் ஊரில் இல்லை என்றாள். தெரியும், ஒரு கேள்வியைப் பதிவு செய்ய வேண்டும் என்றேன். அந்த மூன்று கேள்விகளையும் சொன்னேன். குகனின் பெயரைச் சொன்னேன். அவள் இதற்கு ஏற்கெனவே பதில் அனுப்பியாகிவிட்டதே என்றாள். அது பதில் இல்லை என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாக இன்னொரு முறை சொன்னேன்.

அவள் கெட்ட பெண் இல்லை. பெருமூச்சு விட்டுவிட்டுக் கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். தொகுதியில் வசிப்பவர்தானா என்று கேட்டாள். முகவரி கேட்டாள். பிறகு முழுப் பெயர் கேட்டாள்.

சங்கரகோமதி என்றேன். அவள் விரல்கள் நின்றுவிட்டன. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல முடியுமா என்றாள். சொன்னேன். ஆறாவது எழுத்தில் அவள் நிமிர்ந்து, அவ்வளவுதானா என்று கேட்டாள்.

இல்லை, இன்னும் இருக்கிறது என்றேன்.